வெள்ளை நாடா

இது நான் நேரில் பார்த்ததல்ல. படையில் சமையற்காரராக இருந்த ஒருவர் தன் மருமகனுக்குச் சொன்னது. மருமகன் எனக்குச் சொன்னது. பேச்சில் ஒன்றிரண்டு சொல் மாறியிருக்கலாம்.

"உஸ்தாத், ஒரு மணி நேரம் என் விரல் எனக்குத் தெரியணும். அதுக்கு ஏதாவது வழி சொல்லுங்க."

கேட்டவர் ஹவில்தார் பச்சமுத்து. கண்ணிவெடி தேடி எடுக்கும் பிரிவு. கேட்கப்பட்டவர் சுபேதார் தேவசகாயம். பச்சமுத்துவுக்கு அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர், கன்னியாகுமரிக்காரர். படையில் ஆசானை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நான் என்னல, டாக்டரா?"

"வெளி டாக்டர்கிட்ட போயாச்சுங்க. நரம்பு நோயாம். குணமாகாதாம். காலைப் பனியில விரல் மரத்துப்போயிடுது."

"அப்புறம்?"

"அடுத்த வாரம் மெடிக்கல் போர்டு. கண்டுபிடிச்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"வீடு அவ்வளவு மோசமாவா இருக்கு?"

பச்சமுத்து சிரிக்கவில்லை.

"எடுத்த வேலையைப் பாதியில விட்டவன்னு எனக்குப் பேரே கிடையாது, உஸ்தாத்."

சுபேதார் எழுந்தார்.

"கை நல்லாருக்குன்னு போர்டுக்குக் காட்டணும். அவ்வளவுதான? முதல்ல எனக்குக் காட்டு."

பயிற்சி மைதானத்தில் மண்ணுக்கடியில் பொய்க் கண்ணிகள் புதைந்திருந்தன. காலோ முழங்காலோ அழுத்தினால் பட்டாசு போல வெடிக்கும், ஆளைக் கொல்லாது; படுத்து ஊர்ந்தால் வெடிக்காது. புல்லில் பனி இன்னும் காயவில்லை.

பச்சமுத்து குப்புறப் படுத்தார். நீளக் கம்பியைச் சாய்த்து மண்ணில் செருகினார். வெறும் மண். உள்ளங்கையளவு நகர்ந்து மறுபடி செருகினார். தேடி முடித்த தரைக்கு இருபுறமும் வெள்ளை நாடாவை விரித்துக்கொண்டே போனார். நாடாவுக்கு உள்ளே இருப்பது நல்ல தரை. பின்னால் வருகிறவன் அதை நம்பித்தான் கால் வைப்பான்.

பின்னால் சுபேதார் முழங்காலால் ஊர்ந்து வந்தார்.

கொஞ்ச தூரத்திலேயே பச்சமுத்துவின் விரல்கள் மரத்துப்போய்விட்டன. கம்பியைப் பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. பச்சமுத்து பல்லைக் கடித்துக்கொண்டார். செருகினார். மண்தான் என்று நினைத்தார். நகர்ந்தார். நாடாவை விரித்தார்.

பட்டென்று சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தார். புகைக்கு நடுவே சுபேதார் மல்லாந்து கிடந்தார்.

"உஸ்தாத்! அடி பட்டுச்சா?"

"செத்துட்டேன்."

"எழுந்திருங்க உஸ்தாத்."

"செத்தவன் எப்படில எழும்புவான்?"

"விரல் மரத்துடுச்சுங்க, அதான்..."

"எப்ப?"

பச்சமுத்து கம்பியில் ஒட்டிய மண்ணைத் துடைத்தார்.

"எப்பன்னு கேட்டேன்."

"ஆரம்பத்துலயே."

"பொறவு ஏன்ல போன?"

"சொன்னேனே உஸ்தாத். பாதியில விட்டவன்னு எனக்குப் பேர்..."

"நான் செத்துக் கிடக்கேன். நீ உன் பேரப் பத்திப் பேசுத."

சுபேதார் கண்ணை மூடிக்கொண்டார். தொப்பி ஒரு பக்கம் கிடந்தது. சமையற்கட்டிலிருந்து பார்த்தவர்கள் இரண்டு பேருக்கும் சண்டை என்று நினைத்தார்களாம்.

பச்சமுத்து மண்ணில் முகத்தை வைத்துக் கிடந்தார். புதிதாக வரும் பையன்களுக்குத் தினமும் அவர் தொண்டை கிழியக் கத்துவது ஒன்று உண்டு. கை ஓய்ந்தால் நிறுத்து. நாடாவை அங்கேயே முடி. எதுவரை பார்த்தாய் என்று சத்தமாகச் சொல். வந்த வழியே திரும்பு. அடுத்தவன் அங்கிருந்து தொடங்குவான்.

அப்படித் திரும்பிய ஒருவனையும் அவர் ஏசியதில்லை. சொல்லாமல் மேலே போனவனைத்தான் அடிக்கப் போயிருக்கிறார்.

வெகுநேரம் கழித்து, ஊர்ந்தபடியே பின்னோக்கி வந்தார். விரல்கள் எங்கே உயிரோடு இருந்தனவோ அந்த இடம் வரைக்கும் நாடாவைச் சுருட்டினார். அங்கே முளை அடித்து, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார்.

"இதுவரை" என்றார்.

"கேக்கல."

"இதுவரை, உஸ்தாத்!"

சுபேதார் எழுந்து உட்கார்ந்து, முழங்கால் மண்ணைத் தட்டினார்.

"டீ ஆறிருக்கும். வா."

அடுத்த வாரம் போர்டில் மூன்று டாக்டர்கள். அவர்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே பச்சமுத்து இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தார்.

"காலையில இது ரெண்டும் எனக்குச் சொந்தமில்லைங்க, சார். என்னைக் களத்துக்கு அனுப்பாதீங்க. என் இடத்துக்கு வர்றவனோட ஒரு மாசம் இருக்கணும். அதைக் கேக்கத்தான் வந்தேன்."

அவருடைய நேர்மையைப் பார்த்து வேலையிலேயே வைத்துக்கொண்டார்கள் என்று மருமகன் கதையை முடித்தார். பிறகு நான் விசாரித்தேன்.

வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஒரு மாதத்தைக் கொடுத்தார்கள்.