அரை மணி நேரப் பலகாரம்

“கெட்டுப்போகாத பலகாரமா ஒண்ணு சொல்லிக் குடுங்க டீச்சர்.”

“எத்தனை நாள் தாங்கணும் அங்கிள்?”

“அதுதான் எனக்கே தெரியலை. ஒரு வாரம் ஆகலாம். ஒரு மாசம்கூட ஆகலாம். கைவசம் இருந்தாத் தேவலை.”

கேட்டவர் ரோமால்ட். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வயது ஐம்பத்தொன்று.

கேட்கப்பட்டவள் ஜெசிந்தா. வயது இருபத்தாறு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். டிசம்பர் வந்துவிட்டால் லீவு நாட்களில் தன் வீட்டிலேயே அடுப்பில்லாச் சமையல் சொல்லிக் கொடுப்பாள்.

குருவுக்குத் தாடி இருக்க வேண்டும், சீடனுக்கு மீசை முளைத்திருக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போய்விடலாம்.

“எனக்குத் தெரிஞ்சது பிஸ்கட் உருண்டைதான் அங்கிள். சாக்லேட்டுல முக்கி எடுக்கது. ட்ரஃபிள்னு சொல்லுவாங்க. ஃப்ரிட்ஜை விட்டு வெளிய வந்தா அரை மணி நேரம். அதுக்கு மேல நிக்காது.”

“அரை மணி நேரமா!”

ரோமால்ட் எழுந்துவிட்டார். தோளில் தொங்கிய பையோடு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். கழற்றினார். மறுபடியும் மாட்டினார். அவருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாமல் போய் நாலு வருஷம் ஆகிறது.

“போன கிறிஸ்துமஸுக்கு முறுக்கு வாங்கி வச்சேன்” என்றார், வாசலில் நின்றபடியே. “ஒரு மாசம் தாங்குச்சு.”

“அப்புறம்?”

“நானே தின்னுட்டேன்.”

ஜெசிந்தா உள்ளே போனாள். ரெண்டு பாக்கெட் பிஸ்கட்டும் ஒரு பூரிக்கட்டையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

ரோமால்ட் செருப்பைக் கழற்றினார்.

*

பிஸ்கட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுப் பூரிக்கட்டையால் தட்டச் சொன்னாள். அவர் தட்டினார். தட்டிக்கொண்டே பேசினார். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்காதவர்களிடம்தான் மனிதர்கள் எல்லாவற்றையும் கொட்டுகிறார்கள்.

“எங்க அப்பா ரெண்டு வருஷம் படுக்கையில கிடந்தாரு டீச்சர். நான்தான் பாத்தேன். எங்க அண்ணன் பெலிக்ஸ் கப்பல்ல இருந்தாரு. அடக்கத்துக்குத்தான் வந்தாரு.”

தட்.

“நாப்பதாம் நாள் சாப்பாடு. சொந்தபந்தம் எல்லாரும் உக்காந்து சாப்பிடுதாங்க. அண்ணன் அப்பாவைப் பத்தி ஏதோ சொல்லிச் சிரிச்சாரு. எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ. ‘அப்பாவைக் குளிப்பாட்டினது நான். நீங்க போட்டோவுக்கு நிக்க வந்தவரு’ன்னு சொல்லிட்டேன். எல்லாருக்கும் கேக்கும்படியா.”

தட். தட்.

“அவரு என்ன சொன்னாரு?” அதுவரை கேட்காமல் இருந்த ஜெசிந்தா கேட்டாள்.

“பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுக் கையைக் கழுவிட்டுப் போயிட்டாரு.”

அந்த வருஷமும் கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வீட்டிலிருந்து எப்போதும்போல் ஒரு தட்டுப் பலகாரம் வந்தது. எவர்சில்வர் தட்டு. விளிம்பில் அண்ணன் பேர் வெட்டியிருக்கும்.

பலகாரம் வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பி அனுப்பக் கூடாது. ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்ப வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த மரியாதை. ஆனால் ரோமால்ட் யோசித்தார். சீனி போட்டு அனுப்பினால், பேசின பேச்சுக்கு ஒரு பிடி சீனிதானா என்று நினைப்பார்கள். பெரிய கேக்காக அனுப்பினால், மன்னிப்பை விலைக்கு வாங்கப் பார்க்கிறான் என்பார்கள். அவர் யோசித்து முடிப்பதற்குள் அடுத்த கிறிஸ்துமஸ் வந்துவிட்டது.

தட்டு ரோமால்ட் வீட்டிலேயே தங்கிவிட்டது. போன தட்டு திரும்பி வராததால் அண்ணன் வீட்டிலிருந்தும் அடுத்த தட்டு வரவில்லை.

இப்படியே நாலு வருஷம்.

“வீட்டுல செஞ்சு தரச் சொல்லலாமே?” என்றாள் ஜெசிந்தா.

“கேட்டேன். ‘சொன்னது உங்க வாயி, செய்யுறது உங்க கையா இருக்கட்டும்’னுட்டா.”

தட். தட். தட்.

“ஜனவரியில அண்ணன் ஆஸ்திரேலியா போறாரு டீச்சர். மகன் கூப்பிட்டுக்கிட்டான். இனிமே அங்கதானாம். வீட்டை வாங்க ஆள் பாத்தாச்சு.”

“தூளாயிட்டு அங்கிள்.”

ரோமால்ட் குனிந்து பார்த்தார். பிஸ்கட் எப்போதோ மாவாகியிருந்தது. பை கிழிந்து மேஜையெல்லாம் சிந்திக் கிடந்தது.

*

மாவில் கோகோ தூளைப் போட்டு, கண்டென்ஸ்டு மில்க்கை ஊற்றிப் பிசைந்தார்கள். நெல்லிக்காய் அளவுக்கு உருட்ட வேண்டும்.

இருபது டன் பெட்டியை ஒரு விரற்கடை பிசகாமல் கப்பலில் இறக்கிவைக்கிற கை. ஒரு பிஸ்கட் உருண்டை அதனிடம் படாத பாடு பட்டது. ரோமால்ட் உருட்டினார், உருட்டினார், உருட்டிக்கொண்டே இருந்தார். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

“யார்கூடப் பேசுதீங்க?”

“அண்ணன்கூட. போனதும் என்ன சொல்லணும்னு பாத்துக்கிட்டு இருக்கேன். ‘அண்ணே, அன்னைக்கு நான் பேசினது தப்பு.’ இது சரியா இருக்குமா? இல்ல, ‘அன்னைக்கு இருந்த நிலைமையில...’ அப்படித் தொடங்கவா?”

“கையைப் பாருங்க.”

உள்ளங்கைச் சூட்டில் உருண்டை பளபளவென்று எண்ணெய் கக்கி, விரலிடுக்கில் வழிந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா அதை வழித்து எடுத்துத் தட்டில் போட்டாள். ஒரு கிண்ணத்தில் ஐஸ் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“கையை உள்ள விடுங்க.”

“எவ்வளவு நேரம்?”

“வலிக்க வரைக்கும்.”

விட்டார். வலித்தது. அந்த ஒரு நிமிஷம்தான் அன்றைக்கு அவர் அசையாமல் நின்ற நிமிஷம். அதற்குப் பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உருட்டியதில் இருபத்திரண்டு உருண்டை தேறியது. எல்லாம் உருண்டை என்று சொல்ல முடியாது. சிலது முட்டை மாதிரி இருந்தது. ஒன்றிரண்டு எந்தச் சாயலிலும் இல்லை.

*

ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் இறுக வேண்டும்.

மூன்றாவது நிமிஷத்தில் ரோமால்ட் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார். ஏழாவது நிமிஷத்தில் திறந்து, ஒன்றைத் தொட்டும் பார்த்தார். பத்தாவது நிமிஷத்தில் திறந்தபோது ஜெசிந்தா ஒரு நாற்காலியை இழுத்து வந்து ஃப்ரிட்ஜ் கதவோடு ஒட்டிப் போட்டாள். அதில் உட்கார்ந்து அரையாண்டுப் பரீட்சைத் தாள்களைத் திருத்த ஆரம்பித்தாள்.

ரோமால்ட் கூடத்தில் நடந்தார். ஜன்னல் வரைக்கும் போனார். திரும்பினார்.

“அண்ணன் தட்டை வாங்கலைன்னா என்ன செய்ய, டீச்சர்?”

ஜெசிந்தா ஒரு கணக்குக்கு டிக் போட்டாள்.

“கதவையே தொறக்கலைன்னா?”

இன்னொரு டிக்.

“மைனி வந்து, ‘அவரு தூங்குதாரு’ன்னு சொல்லிட்டா?”

ஒரு பெரிய பெருக்கல் குறி.

“உங்ககிட்டத்தான் கேக்கேன்.”

அவள் தலையைத் தூக்கினாள். “நீங்க எங்க இருந்து வாரீங்க?”

“முத்தையாபுரம்.”

“எங்க சித்தி மக அங்க இதே கிளாஸ்தான் நடத்துதா. அவளைத் தெரியாதா உங்களுக்கு?”

“தெரியும். எங்க தெருதான்.”

“உங்க அண்ணன் வீடு எங்க?”

ரோமால்ட் ஜன்னல் பக்கம் பார்த்தார். “இங்க... ரெண்டாவது தெரு.”

ஜெசிந்தா அடுத்த தாளைப் புரட்டினாள்.

*

பிளாஸ்க் வெந்நீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றி, அதற்குள் ஒரு கிண்ணத்தை வைத்துச் சாக்லேட்டை உருக்கினாள். அவர் ஒவ்வொரு உருண்டையாக முள்கரண்டியில் ஏந்தி முக்கி எடுத்தார். குளிர்ந்த உருண்டை மேல் சாக்லேட் பட்டதும் கண் முன்னாலேயே மங்கி இறுகியது. முட்டை மாதிரி இருந்தவைகூடச் சட்டை போட்டுக்கொண்டு சபைக்கு வந்தவை மாதிரி ஆகிவிட்டன. மறுபடியும் ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார்கள்.

கால் மணி நேரம் கழித்து, உடைந்துபோன ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார் ரோமால்ட். மேல் ஓடு மடுக்கென்று உடைந்தது, உள்ளே பஞ்சு. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் செய்ததா, நான் செய்ததா என்று ரெண்டு தரம் கேட்டார்.

சந்தோஷம் ரெண்டு நிமிஷம் இருந்தது.

“டீச்சர், ஒண்ணு செய்வோமா? இது இங்கேயே இருக்கட்டும். நாளன்னைக்குத்தானே கிறிஸ்துமஸ். பூசை முடிஞ்சு வந்து எடுத்துக்கிடுதேன்.”

ஜெசிந்தா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல, அன்னைக்கு அவங்க வீட்டுல கூட்டமா இருக்கும். கூட்டத்துல போனா சரியா இருக்காது. மறுநாள் வாரேன்.”

அவள் துணியைப் பிழிந்தாள்.

“மறுநாளு எனக்கு ஷிப்டு. புது வருஷத்தன்னைக்கு வச்சுக்கிட்டா என்ன? நல்ல நாளு. ஃப்ரிட்ஜுல இருந்தா கெடாதுல்லா?”

ஜெசிந்தா துணியைக் கொடியில் போட்டாள். நேராக ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் போனாள். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

“கரண்டு போயிட்டா?”

“இல்ல. ஃப்ரிட்ஜைக் கழுவணும். கிறிஸ்துமஸ் வருதுல்லா.”

“இப்பவா?”

அவள் கதவை விரியத் திறந்து வைத்தாள். பால் பாக்கெட், தக்காளி, மாவுச் சட்டி என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். கடைசியாக உருண்டைகள் இருந்த டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள்.

“பையில இருக்க தட்டை எடுங்க.”

ரோமால்ட் திடுக்கிட்டார். காலையில் வந்ததிலிருந்து அந்தப் பையைத் தோளை விட்டு இறக்காமல் வைத்திருந்தார். அதற்குள் தட்டு இருக்கிறது என்று அவர் சொல்லவே இல்லை.

எடுத்தார். அவள் அதில் உருண்டைகளை அடுக்கினாள். நல்லது, கோணல் என்று பிரிக்கவில்லை.

“எங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் கொண்டுபோயிடுதேன். ஆனா பஸ்ஸுல முக்கால் மணி நேரம் ஆகுமே. அதுக்குள்ள உருகிருமே டீச்சர்!”

“ஆமா. உருகிரும்.”

“அப்ப நான் என்னதான் செய்ய?”

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“இருபத்தெட்டு நிமிஷம் இருக்கு.”

*

பதினொன்றரை மணி வெயில். டிசம்பர் என்றுதான் பேர். தூத்துக்குடி வெயில் காலண்டர் பார்ப்பதில்லை.

ரோமால்ட் தட்டை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தார். முதலில் மெதுவாக நடந்தார். தெரு முனையில் குனிந்து பார்த்தபோது சாக்லேட் வியர்த்திருந்தது. வேகமாக நடந்தார்.

அண்ணே, அன்னைக்கு நான் பேசினது தப்பு.

அண்ணே, அப்பா போன துக்கத்துல என்ன பேசுதோம்னு தெரியாம.

அண்ணே, நீங்க வயசுல மூத்தவரு, மனசுல வச்சுக்கிடாம.

ரெண்டாவது தெருவுக்குத் திரும்பும்போது கட்டைவிரலில் ஏதோ பிசுபிசுத்தது. விளிம்போரம் இருந்த உருண்டை ஒரு பக்கமாகச் சரிந்து, விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டில் வெட்டியிருந்த அண்ணன் பேரில் பாதி எழுத்து சாக்லேட்டுக்குள் போய்விட்டது. ரோமால்ட் ஓட ஆரம்பித்தார். ஐம்பத்தொரு வயது மனிதர் பட்டப்பகலில் பலகாரத் தட்டோடு ஓடுவதைத் தெருவே நின்று பார்த்தது.

அண்ணே, அன்னைக்கு.

அண்ணே.

நாலு வருஷமாகத் திருத்தித் திருத்தி எழுதி வைத்திருந்த வாக்கியம் எங்கே போனதென்று தெரியவில்லை. மூச்சுதான் வந்தது.

அண்ணன் வீட்டு கேட் திறந்து கிடந்தது. வாசலில் ஒரு ஸ்டூல். ஸ்டூல் மேல் பெலிக்ஸ் நின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது. ஒரு கையில் பெரிய காகித நட்சத்திரம், இன்னொரு கையில் அதன் வயர். எதை விட்டால் எது விழும் என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

தம்பியைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். மறுபடியும் தம்பியைப் பார்த்தார்.

“ஏலே...” என்றார்.

தட்டில் இன்னொரு உருண்டை சரிந்தது. ரோமால்ட் பதறிப்போய் அதைக் கையால் அள்ளினார். ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய், கையை எவ்வளவு உயரம் தூக்க முடியுமோ அவ்வளவு உயரம் தூக்கினார்.

“வாயைத் தொறங்கண்ணே, உருகுது!”

அண்ணன் வாயைத் திறந்தார்.