குண்டு விமானமும் இரண்டு படங்களும்

சிதம்பரநாதன் நாற்பது வருடம் பாய்லர் வடிவமைத்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு. அவருக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கும் நிலோஃபருக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் "குருவே" என்றுதான் கூப்பிடுவார். வேண்டாம் சார் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது.

விமான அருங்காட்சியகத்தின் வாசலில் மாட்ட ஒரு படம் கேட்டிருந்தார்கள். உலகப் போரில் பறந்த குண்டுவீச்சு விமானத்தின் படம். மாலை ஐந்து மணிக்குள் கொடுத்தாக வேண்டும். தன் பெயர் போட்ட படம் அங்கே தொங்க வேண்டும் என்று சிதம்பரநாதனுக்குக் கொள்ளை ஆசை.

காலையிலிருந்து, "கொஞ்சம் தள்ளுங்க, மறைக்குது" என்று வந்தவர்களையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தார். செல்ஃபி எடுக்க வந்த புது ஜோடியைக்கூட விட்டுவைக்கவில்லை. சாப்பாட்டு வேளையில் கூட்டம் கலைந்தது. எடுத்தார். மூக்கிலிருந்து வால்வரை முழு விமானம். நாலு எஞ்சின். ஒவ்வொரு ஆணியும் தெரிந்தது. ஈ காக்காய் இல்லை.

"எப்படி, குருவே?"

தரையைக் கூட்டிக்கொண்டிருந்த செங்கமலத்தை நிலோஃபர் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அழகா இருக்கு சார். எந்தக் கடையில வாங்குன பொம்மை?"

சிதம்பரநாதனின் முகம் சுண்டிப்போனது.

"பொம்மையா? இறக்கையே நூறடிம்மா!"

நிலோஃபருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அக்கா, அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்துல போய் நில்லுங்க. சார், எடுங்க."

சக்கரமே செங்கமலத்தின் தோள்வரை இருந்தது. அவர் அண்ணாந்து பார்த்து, "ஆத்தாடி! இதுவா வானத்துல போச்சு?" என்று வாயைப் பிளந்தார். அந்த நேரம் பார்த்துச் சிதம்பரநாதன் பொத்தானை அழுத்தினார். எடுத்ததும் அவருக்கே சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. மணி நாலரை ஆகியும் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதைக் கொடுக்கட்டும், குருவே? ரெண்டாவதுல பாதி இறக்கையைக் காணோம். ரெண்டு எஞ்சின் போச்சு. முதல் படத்துல இன்ஜினியரிங் மொத்தமும் இருக்கு. ஆள்தான் இல்ல."

"இதுல பறந்து குண்டு போட்டவங்களுக்கும் கீழ ஆள் தெரிஞ்சிருக்காது சார்," என்றாள் நிலோஃபர். "அவங்க அவ்வளவு உயரத்துல இருந்தாங்க. நீங்க தரையிலதானே நிக்கிறீங்க?"