கீழ்நாட்டுப் பள்ளிகளில் எது முதல், எது கடை?

குமரிப்பொழில் என்ற சிறு நாட்டை ராஜா திருமலைக்கொழுந்து ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் எதையும் இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. யானைகளை ஒப்பிட்டார். சமையல்காரர்களை ஒப்பிட்டார். ஒரு வருஷம் மருமகன்களையே ஒப்பிடப் போய், அரண்மனையில் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அதற்குப் பிறகு அவர் பார்வை கீழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களின் மேல் விழுந்தது.

கீழ்நாடு தலைநகரிலிருந்து வெகுதூரம். கம்பங்காடும் கரட்டுப் பாதையும்தான். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்காக அரண்மனைச் செலவில் சில பள்ளிகள் நடந்தன. எது ஒசத்தி, எது மட்டம் என்று பார்த்துவர மந்திரி அனந்தப்பர் பல்லக்கில் போனார், திரும்பி வந்தார்.

"மகாராஜா, முத்தூர்ப் பள்ளிதான் முதல். தங்கள் புகழ்ப்பாட்டைப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் பாடினார்கள். கல்லுப்பட்டிப் பள்ளிதான் கடை. ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை."

முத்தூர் வாத்தியார் நாகப்பன் தன் மைத்துனன் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

ராஜா அங்கேயே தீர்ப்புச் சொன்னார். "கீழ்நாட்டில் கடையாக இருக்கும் பள்ளியை மூடிவிட வேண்டியது. அதன் மானிய நிலம் முதல் பள்ளிக்குச் சேரட்டும்."

சபையில் விகடம் பேசும் தாண்டவராயனுக்கு இது பிடிக்கவில்லை. "பாட்டை வைத்தா பள்ளியை அளப்பது?" என்று முணுமுணுத்தான். அது மந்திரியின் காதில் விழுந்தது. இவனை எப்படி விரட்டலாம் என்று நெடுநாளாகக் காத்திருந்தவர் அவர்.

"மகாராஜா, பூட்டையும் முத்திரையையும் தாண்டவராயனிடமே கொடுங்கள். சொன்ன சொல் பிசகாமல் முடித்து வரட்டும். பிசகினால் இந்தச் சபைப் பக்கமே வரக் கூடாது."

ராஜா தலையாட்டிவிட்டார். வேறு வழியில்லாமல் தாண்டவராயன் மாட்டு வண்டி ஏறினான். பூட்டு சின்னதுதான். ஆனால் வழியெல்லாம் அது மடியில் கல்லாகக் கனத்தது.

கல்லுப்பட்டியில் பாதிக் கூரை பறந்துபோன ஒரு கொட்டகை. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் மாசிலாமணி பூட்டைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"பூட்டத்தானே வந்தீர்கள்? கதவு இல்லையே ஐயா."

தாண்டவராயனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்திருக்கக் கூடாதா, வாத்தியாரே?"

"சொல்லிக்கொடுத்தேன். அர்த்தம் தெரியாமல் எதையும் ஒப்பிக்க வேண்டாம் என்றும் நானே சொல்லியிருந்தேன். பாட்டில் வெண்கொற்றக் குடை வந்ததா? இந்தப் பேச்சி எழுந்து, அது மழைக்குத் தாங்குமா என்று மந்திரியிடம் கேட்டுவிட்டாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள்."

தாண்டவராயன் பேச்சியைக் கூப்பிட்டான். "எந்த ஊர், தாயி?"

"முத்தூர்."

"முத்தூரா? அங்கேயே பெரிய பள்ளி இருக்கிறதே. இவ்வளவு தூரம் எதற்கு நடந்து வருகிறாய்?"

"அங்கே யாரும் படிக்கப் போக மாட்டாங்க ஐயா. எங்கம்மா புளி வாங்கத்தான் போகும்."

தாண்டவராயன் பூட்டைத் திரும்ப மடியில் கட்டிக்கொண்டான். நேரே முத்தூருக்கு நடந்தான்.

முத்தூர்ப் பள்ளி ஓடு போட்ட நல்ல கட்டடம். கனமான கதவு. உள்ளே சுவர் தெரியாமல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. நடுவில் தராசோடு நாகப்பன் உட்கார்ந்திருந்தான். புழுதி படிந்து நின்ற தாண்டவராயனை யாரோ வண்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டான்.

"என்ன வேணும், மிளகாயா புளியா?"

"மந்திரி வந்த அன்று பாடினார்களே, அந்தப் பிள்ளைகள் எங்கே?"

"கூத்துக்காரப் பிள்ளைகளா? அவர்கள் அன்றைக்கே அடுத்த ஊர் ஆட்டத்துக்குப் போயாச்சு. உனக்கு எதற்கு அது? வாங்கினால் வாங்கு, இல்லை வழியை விடு."

அவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்து போனதும் தாண்டவராயன் கதவைச் சாத்தினான். பூட்டினான். மேலே ராஜமுத்திரையை அழுத்திவிட்டு ஊர் திரும்பினான்.

வந்து சேர்ந்த மறுநாள் சபையில் மந்திரி மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார். "பள்ளியை மூடியாயிற்றா, தாண்டவராயா?"

"சொன்ன சொல் பிசகாமல் மூடியாயிற்று."

அந்த நேரம் நாகப்பன் தலைவிரிகோலமாக உள்ளே ஓடி வந்து ராஜாவின் காலில் விழுந்தான். "மகாராஜா, இந்த ஆள் என் கடையைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார். மிளகாயெல்லாம் உள்ளே புழுங்குகிறது."

மந்திரி கண்ஜாடை காட்டினார். நாகப்பன் கவனிக்கவில்லை.

ராஜா புருவத்தை உயர்த்தினார். "கடையா? கல்லுப்பட்டிப் பள்ளியை அல்லவா மூடச் சொன்னேன்?"

"ஊர்ப் பெயரைத் தாங்கள் சொல்லவில்லை, மகாராஜா" என்றான் தாண்டவராயன். "கடையாக இருக்கும் பள்ளியை மூடச் சொன்னீர்கள். கீழ்நாட்டில் கடையாக இருப்பது முத்தூர்ப் பள்ளி ஒன்றுதான். நடத்துகிறவரே இப்போது சொல்லிவிட்டார்."

கூத்துக்காரப் பிள்ளைகள் கதையையும், பேச்சி நடந்து போகிற கதையையும் அவன் சொன்னான். ராஜாவின் முகம் சிவந்தது. முத்தூர்க் கட்டடமும் நிலமும் மாசிலாமணி வாத்தியார் கைக்குப் போகட்டும், கல்லுப்பட்டிக்குப் புதுக் கூரை போடட்டும் என்று உத்தரவிட்டார். பிறகு மந்திரியின் பக்கம் திரும்பினார்.

"முத்தூர்தான் முதல் என்று என்னிடமே பொய் சொன்னீரா?"

தாண்டவராயன் குறுக்கே வந்து கைகூப்பினான்.

"மந்திரியார் பொய் சொல்லவில்லை, மகாராஜா. முதல் இல்லாமல் யாரால் கடை வைக்க முடியும்?"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது.