பச்சைக் குடத்தின் ஓட்டை

பச்சை பிளாஸ்டிக் குடம் ஊர்க் கிணற்றைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு பங்குனிக் காலையில். சீனித்தாய் வாளியை இறக்கி இழுத்தாள். சேறும் தண்ணீருமாக அரை வாளி வந்தது. அதைக் குடத்தில் ஊற்றும்போது கிணறு அடித்தொண்டையில் பேசியது.

"இவ்வளவுதான் இருக்கு, பச்சை. எனக்குக் கீழே எவனோ குழாய் விட்டு உறிஞ்சுறான். மூச்சு விட நேரம் குடுக்க மாட்டேங்கிறான்."

நாளைக்கு வந்து பேசிக்கொள்ளலாம் என்று குடம் சொல்லிவிட்டு வந்தது. மறுநாள் வாளி பாறையில் மோதுகிற சத்தம்தான் கேட்டது. கிணறு பதில் சொல்லவில்லை.

உறிஞ்சியது யார் என்பது நெடுவாகுளத்தில் ரகசியம் அல்ல. ஊர் எல்லையில் நீலத்துளி என்ற வெளிநாட்டுக் கம்பெனி மதில் கட்டி, மதிலோரம் பூச்செடி வைத்து, வாசலில் 'நீரே உயிர்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. உள்ளே ஆழ்குழாய்கள். வெளியே வரும் லாரிகளில் பாட்டில்கள். நெடுவாகுளத்துத் தண்ணீர் கப்பலேறிச் சீமை பார்த்தது. நெடுவாகுளத்துக்காரர்கள் அதே தண்ணீரைப் பெட்டிக்கடையில் வாங்கிக் குடித்தார்கள்.

ஒருநாள் கடைப் பலகையில் நின்ற பாட்டிலிடம் குடம் நியாயம் கேட்டது. பாட்டில் படித்த பாட்டில். மரியாதையாகவே பேசியது.

"இது தாராள வர்த்தகம், அண்ணாச்சி. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே சட்டம். எங்க கம்பெனி உங்க ஊர்ல வந்து தண்ணி எடுக்கலாம். உங்க கிணறும் எங்க நாட்டுக்கு வந்து தண்ணி எடுக்கலாம். யாரும் தடுக்கல."

"கிணறு எப்படிப்பா கப்பலேறும்?"

"அது கிணத்தோட முயற்சியைப் பொறுத்தது."

அந்த வட்டாரத்தில் தண்ணீர் இல்லையென்றால் பெண்கள் காலிக் குடங்களோடு நடுரோட்டில் உட்காருவது வழக்கம். சீனித்தாயும் பக்கத்து வீட்டு அழகுத்தாயும் தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய்க் கம்பெனி ரோட்டை மறித்தார்கள். ஆழ்குழாய்களை மூட வேண்டும், கிணறு பிழைக்க வேண்டும். கேட்டது அது ஒன்றுதான். குடங்கள் முன்வரிசையில் நின்றன. வெறும் வயிற்றுக்கு இவ்வளவு மதிப்பா என்று பச்சைக் குடத்துக்கே ஆச்சரியம்.

இன்ஸ்பெக்டர் வந்தார், தாசில்தார் வந்தார், இருவரும் வருத்தப்பட்டார்கள். பிறகு கம்பெனி டேங்கர், மாலை போட்டுக்கொண்டு வந்தது. ஓட்டுநர் இறங்கிக் குழாயை நீட்டி, வரிசையாக எல்லாக் குடங்களையும் நிரப்பினான்.

"குடம் காலின்னுதானம்மா உட்கார்ந்தீங்க. இப்பதான் ரொம்பிருச்சே, எந்திரிங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

தப்பு அங்கேதான் நடந்தது. மாதக்கணக்காக நாக்கு வறண்ட ஊரில், நிறைந்த குடத்தை வெயிலில் விட்டுவிட்டுக் கோஷம் போட எந்தப் பெண்ணுக்கும் மனசு வராது. குடத்தை இடுப்பில் ஏற்றினார்கள். இடுப்பில் ஏறியதும் வீட்டு ஞாபகம் வந்தது. ரோடு காலியானது. பாட்டில்கள் கையசைத்துக்கொண்டே போயின.

அதன் பிறகு வாரம் தவறாமல் மறியல், வாரம் தவறாமல் டேங்கர். 'தாகம் தீர்த்த நீலத்துளி' என்று பேப்பரில் படம் வந்தது. படத்தில் நடுவில் நின்ற பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு எவர்சில்வர் குடம், போராட்டம் என்றால் இப்படிக் கைமேல் பலன் வர வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தது. சில குடங்கள் டேங்கரை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தன.

பச்சைக் குடத்துக்கு மட்டும் அந்தத் தண்ணீர் இறங்கவில்லை. அதன் ருசி தெரிந்த ருசி. கிணற்றின் தண்ணீர். செத்தவனின் சட்டையை அவன் வீட்டுக்கே கொண்டுவந்து தானம் கொடுத்த மாதிரி இருந்தது. அதைச் சீனித்தாயிடம் சொன்னது.

சீனித்தாய் அடுப்பில் ஒரு கம்பியைச் சொருகினாள்.

"பச்சை, உன்னை ஒண்ணு கேக்கேன். வலிக்கும்."

குடத்துக்குப் புரிந்துவிட்டது. "ஓட்டை போட்டா அப்புறம் நான் குடமா?"

"குடந்தான். தண்ணிக்கு ஆக மாட்ட."

"திரும்பக் கிணத்துல தண்ணி ஊறுனா?"

"வேற குடம் போகும்" என்றாள் சீனித்தாய். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

குடம் கம்பி பழுப்பதையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, "அடியில போடு. வெளியே தெரியாது" என்றது.

அடுத்த மறியலில் டேங்கர் வழக்கம்போல மாலையோடு வந்தது. மற்றக் குடங்கள் நிரம்பின. பச்சைக் குடத்தில் விட்ட தண்ணீர் விட்டபடியே ரோட்டில் ஓடியது. ஓட்டுநர் குனிந்து பார்த்தான்.

"அக்கா, உங்க குடம் ஓட்டை."

"ஓட்டையோ என்னமோ, காலியாத்தானே இருக்கு."

இன்ஸ்பெக்டர் கோபமாக வந்தார். சீனித்தாய் உட்கார்ந்தபடியே கும்பிட்டாள். "ரொம்பட்டும் ஐயா. ரொம்புன மறு நிமிஷம் எந்திரிச்சிருதேன்."

கிளம்பிவிட்ட அழகுத்தாய் அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் இடுப்புக் குடம் நழுவப் பார்த்தது. அதை இறக்கிவைத்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். டேங்கர் தீர்ந்தது, குடம் நிறையவில்லை. பூமியிலிருந்து எடுக்க மட்டுமே தெரிந்த கம்பெனி அன்றுதான் முதல்முறையாகப் பூமிக்குத் தண்ணீர் திருப்பிக் கொடுத்தது.

மறுநாள் வந்த குடங்கள் எல்லாவற்றின் அடியிலும் ஓட்டை. எவர்சில்வர் குடம் மட்டும் வரவில்லை. தன் உடம்பில் கம்பி இறங்காது என்று வருத்தத்தோடு சொல்லி அனுப்பியிருந்தது.

லாரிகள் வரிசையாக நின்றன. பாட்டில்கள் வெயிலில் வெந்தன. துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதிவிட்டதாகத் தகவல் வந்தது. படித்த பாட்டில் லாரியிலிருந்து எட்டிப் பார்த்துக் கெஞ்சியது.

"அண்ணாச்சி, கப்பல் போயிரும். நாங்க எப்படிப் போய்ச் சேர்றது?"

"அது உங்க முயற்சியைப் பொறுத்தது" என்றது பச்சைக் குடம்.

கப்பல் போய்விட்டது. அடுத்ததும் போனது. அதுவரை கம்பெனியின் கோப்பு கிடைக்காத தாசில்தாருக்குக் கோப்பு கிடைத்தது. ஆழ்குழாய்களுக்குச் சீல் வைத்தார்கள். மண்ணின் மீதுள்ள அன்பினால் தாங்களாகவே விலகுவதாகக் கம்பெனி அறிக்கை விட்டது.

ஐப்பசி மழைக்குப் பிறகு சீனித்தாயின் புது மஞ்சள் குடம் அதே ஊர்க் கிணற்றிலிருந்து நிறைந்து வந்தது. கிணறு எப்படி இருக்கிறது, தன்னை விசாரித்ததா என்று பச்சைக் குடம் கேட்டது.

"உன்னை யாருக்குத் தெரியும்? அது நீலத்துளிக்காரங்க குடுத்த கிணறு. பெரிசா போர்டே வச்சிருக்காங்க" என்றது மஞ்சள் குடம்.

பச்சைக் குடம் கொல்லையில் இருக்கிறது. அதில் மண் போட்டுச் சீனித்தாய் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறாள். ஊற்றுகிற தண்ணீரில் மிச்சம் ஓட்டை வழியாகப் பூமிக்குப் போகிறது.