சாமியிடம் பேசினால் நாக்கு போகும்

வெகு காலத்துக்கு முன்னே, கடலோரத்து அலைவாய் நாட்டைத் திடவிரதன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். திடமெல்லாம் பேரில்தான். காலையில் போட்ட உத்தரவு சாயங்காலம் தாண்டாது. அவரிடம் மந்திரியாக இருந்தே தலை வழுக்கையானவர் நல்லுடையார்.

ஒருநாள் ராஜா ஆசையாக வளர்த்த ஆட்டுக்கிடா, அண்டை நாட்டுக் கிடாவோடு முட்டித் தோற்றுப்போனது. சும்மா தோற்றாலும் பரவாயில்லை, கூட்டத்துக்கு நடுவே வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிற்று. அது ஜெயிக்க வேண்டும் என்று ராஜா கோயிலில் விழுந்து விழுந்து கும்பிட்டிருந்தார். "நான் கேட்டும் சாமி கொடுக்கவில்லையே! என் மானம் போயிற்றே!" என்று சோறு தண்ணீர் இல்லாமல் படுத்துவிட்டார்.

மந்திரி பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த அரசவைப் பண்டிதர் அகோரநாதர் மெல்ல உள்ளே நுழைந்தார்.

"அரசே, எதற்கு வருத்தம்? கடவுள் என்று ஆள் யாரும் கிடையாது. உலகத்தை இயக்கும் ஒரு சக்தி, அவ்வளவுதான். அதற்குக் கண்ணில்லை, காதில்லை. தங்கள் வேண்டுதலை அது மறுக்கவில்லை. அது காதில் விழவே இல்லை!"

ராஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தன்னை ஒருவன் மறுத்தான் என்பதைவிட, மறுக்க அங்கே ஆளே இல்லை என்பது எவ்வளவு நிம்மதி! உடனே தண்டோரா போடச் சொன்னார். இனி யாரும் சாமியிடம் பேசக் கூடாது, கேட்கக் கூடாது. மீறினால் நாக்கை அறுப்பார்கள்.

முதலில் மாட்டியவள் உப்பு விற்கும் ஒச்சம்மா. திடீர் மழையில் கூடை உப்பு மொத்தமும் கரைந்துபோக, கோயில் வாசலில் நின்று, "அடேய், உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? நான் எதைத் தின்னுவேன்?" என்று கத்தியிருக்கிறாள். காவலர்கள் கையோடு பிடித்து வந்துவிட்டார்கள். உச்சிப்பொழுது முரசு முழங்கி நிற்கும்போது அவள் நாக்கு போக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

நல்லுடையார் கெஞ்சிப் பார்த்தார். ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சபைக்கு நடுவே ஒச்சம்மாவைக் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் காவலன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். நேரே கேட்டால் இந்த மனிதர் இறங்க மாட்டார் என்று மந்திரிக்குத் தெரியும்.

"அரசே, பண்டிதர் சொன்னதுதான் சரி. ஆனால் ஒரு குறை. உலகை ஆளும் கடவுளே வெறும் சக்தி என்றால், நாட்டை ஆளும் தாங்கள் மட்டும் சாதாரண ஆளா? தாங்களும் சக்தியல்லவா? சக்தியோடு போய் நாங்கள் பேசலாமா?"

அகோரநாதர் முந்திக்கொண்டார். "இதைத்தான் நானும் சொல்ல இருந்தேன்!"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. "அப்படியே ஆகட்டும்! முரசு நிற்கும்வரை என்னிடம் யாரும் பேசக் கூடாது. நான் பேசினாலும் காதில் வாங்கக் கூடாது. மீறுகிறவன் நாக்கும் போகும்!"

சபை கப்சிப். ராஜா மீசையை முறுக்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் சுகமாகத்தான் இருந்தது. பிறகு வேடிக்கையாக ஏதோ சொன்னார், ஒருவரும் சிரிக்கவில்லை. தண்ணீர் கேட்டார், எவனும் அசையவில்லை. இருமல் வந்தது. இருமி இருமிக் கண்ணில் நீர் வந்தது. "அகோரநாதரே, உம்மைத்தான் கேட்கிறேன், தண்ணீர்!" என்றார். பண்டிதர் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே முரசு முழங்க ஆரம்பித்தது.

"ஐயோ, ராசா! தொண்டை அடைச்சுக்கிச்சா?" என்றது ஒரு குரல். ஒச்சம்மாதான். "ஏய்யா, இத்தனை பேரு நிக்கிறீங்களே, ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்லையா? என் கையைத்தான் கட்டிப்போட்டிருக்கீங்க. எப்படியும் போற நாக்கு, அதான் கேக்குறேன்."

ராஜா அவளைப் பார்த்தார், காவலனைப் பார்த்தார். "விடு அவளை!" என்றார்.

காவலன் திரும்பவே இல்லை. கத்தியை எடுத்தான்.

நல்லுடையாருக்கு அப்போதுதான் உறைத்தது. பாவி, நான் என்ன காரியம் செய்துவிட்டேன்! ராஜா மனம் மாறினாலும் அவர் சொல்லை இப்போது யார் கேட்பது? "நிறுத்தடா!" என்று மந்திரி அலறினார். "ராஜ உத்தரவு ஐயா" என்ற காவலன், ஒச்சம்மாவின் தாடையைப் பிடித்தான். முரசு வேகம் எடுத்தது. இன்னும் நாலைந்து அடிதான்.

ராஜா சிம்மாசனத்திலிருந்து குதித்தார். கிரீடம் உருண்டது, அங்கவஸ்திரம் காலில் சிக்கியது. தடுக்கி விழுந்து, எழுந்து ஓடி, காவலன் கையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். முரசு நின்றது. ராஜா கையை விடவில்லை.

ஒச்சம்மா விம்மி விம்மி அழுதாள்.

"ஏனம்மா, காதில்லாத சக்தியிடம் போய் ஏன் கத்தினாய்?" என்று மூச்சு வாங்கக் கேட்டார் ராஜா.

"சக்தியோ என்னமோ, எனக்கு என்ன தெரியும் ராசா? வீட்டுல நான் ஒண்டிக்கட்டை. கோவம் வந்தா திட்டுறதுக்காவது எனக்குன்னு ஒருத்தர் வேணாமா?"

ராஜா தன் கையாலேயே அவள் கட்டை அவிழ்த்தார். சட்டம் அன்றே ஒழிந்தது. ஒச்சம்மா வீட்டுக்கு உப்பும் நெல்லும் வண்டியில் போயின. அகோரநாதரைக் கூப்பிட்டு, "நான் மூச்சுத் திணறும்போது தூணைப் பார்த்தீரே, இனி அந்தத் தூண் பக்கத்திலேயே நில்லும். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தண்ணீர் கொடுப்பதுதான் உமக்கு வேலை" என்றார். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார்.

"நல்லுடையாரே, உண்மையைச் சொல்லும். கடவுள் சக்தியா, ஆளா?"

"எனக்குத் தெரியாது அரசே. ஆனால் காவலன் கத்தியை எடுத்தபோது நானும் சட்டத்தை மீறிவிட்டேன். மனசுக்குள் கூப்பிட்டுப் பேசினேன்."

"என்னவென்று பேசினீர்?"

மந்திரி தலையைச் சொறிந்தார். "சபையில் சொல்ல முடியாது அரசே. ஒச்சம்மா திட்டியது எவ்வளவோ தேவலை."