சட்டையின் உள்மடிப்பு

"இனிமே அந்தச் செண்பகத்துகிட்ட என்னால பேச முடியாது மேடம்." எக்ஸ்ரேயை மேசையில் போட்டாள் தமயந்தி. முதுகெலும்பு அறுவை பயிலும் மாணவி.

"என்னவாம்?" என்றார் ஆசிரியை சலோமி.

"அவங்க பொண்ணுக்குப் பிறவியிலயே முதுகுல ஒரு எலும்பு பாதிதான் இருக்கு. ஒரு பக்கம் மட்டும் வளர்ந்து முதுகு வளையுது. இப்பவே ஆபரேசன் பண்ணி அந்த இடத்து எலும்புகளை ஒண்ணா ஒட்டிட்டா வளைவு நிக்கும். விட்டா நுரையீரலை நெருக்கும். எத்தனை தடவை சொல்றது? 'வளர்ந்தா சரியாயிடும்'கிறாங்க. வளர்றதுதான் மேடம் வினையே!"

"அப்படியேவா சொன்னே?"

"பின்னே? வளர்ச்சியை நிறுத்தணும்னேன். 'அதை நிறுத்தவா பிள்ளையக் கூட்டியாந்தேன்'னு சண்டைக்கு வர்றாங்க. ஊருக்குக் கிளம்பிட்டாங்க. இவங்களோட மாரடிக்க என்னால ஆகாது!"

சலோமி வார்டுக்கு நடந்தார். தமயந்தி முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனாள்.

செண்பகம் பையின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கட்டிலில் ஆறு வயது மாரிச்செல்வி, பச்சைப் பாவாடை சட்டையில்.

சலோமி பாவாடையின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே மட்டும் சாயம் போகாமல் பட்டையாகப் பச்சை.

"தீபாவளிக்கு எடுத்ததா?"

"போன தீபாவளிக்கு, டாக்டரம்மா. வளர்ற பிள்ளைன்னு உள்ள ரெண்டு மடிப்பு வச்சுத் தைச்சேன். ரெண்டையும் பிரிச்சாச்சு."

"சட்டையில?"

"அதுலயும் வச்சேனே."

"பிரிச்சீங்களா?"

செண்பகம் சட்டையின் ஓரத்தைத் திருப்பினாள். மடிப்பு தைத்தபடியே இருந்தது.

"இந்தப் பக்கம் மட்டும் தூக்கிக்கிட்டு நிக்கும். அம்மா இழுத்து இழுத்து விடும்," என்றாள் மாரிச்செல்வி.

"சும்மா இருட்டீ." செண்பகத்தின் விரல் தையலிலேயே நின்றது. "காலு வளருதே... அப்போ முதுகு?"

"அதுவும் வளருது. நீளத்துக்குப் போக வேண்டியது வளைவுக்குப் போகுது."

"ஒட்டுனா அந்த இடம் வளராதுல்லா?"

"வளராது. அது நஷ்டம்தான். மத்த எலும்பெல்லாம் வளரும்."

செண்பகம் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"ஆபரேசனுக்கு முன்னாடி எப்பயிலேர்ந்து சோறு குடுக்கக் கூடாது?"

வராந்தாவுக்கு வந்ததும் தமயந்தி வெடித்தாள். "இதையேதானே மேடம் நானும் சொன்னேன்! எக்ஸ்ரேயைக் காட்டினேன், படம் வரைஞ்சு காட்டினேன். கடைசியில துணிக்கடைப் பேச்சுதான் புரியுதா? இந்தச் சட்டை விஷயம் எனக்கு எப்படித் தெரியும்?"

சலோமி நின்றார்.

"தினமும் அந்தச் சட்டையைத் தூக்கித்தானே முதுகைப் பார்த்தே?"