டிக் சத்தத்துக்கு மூன்று சாட்சிகள்

பெரியண்ணன் சொன்ன இந்தச் சங்கதியைப் பதினோரு வருஷமாக நான் முழுசாக நம்பியதில்லை. அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. பொய்க்குக் கொஞ்சமாவது யோசிக்க வேண்டுமே. ஆனாலும் கதையில் எங்கேயோ ஓர் இடம் இடித்தது. எந்த இடம் என்று பிடிபடாமல், கோளாறு என் புத்தியில்தானோ என்றுகூட நினைத்திருக்கிறேன். நீங்களே கேளுங்கள்.

ஓசூர்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடம். மின்சாரச் சாமான்களின் இரைச்சலை அளக்கிற இடம். காதுக்குக் கேட்கிற இரைச்சல் அல்ல. மிக்சி போட்டால் பக்கத்து வீட்டு டிவியில் கோடு கோடாக ஓடுமே, அந்த இரைச்சல். அதற்கென்று ஓர் இரும்பு அறை. கதவை மூடிவிட்டால் வெளி அலை உள்ளே வராது. செல்போன் செத்துப்போகும். தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே கேட்காது. உள்ளே நெட்டை ஆன்டெனா ஒன்று, குட்டை ஆன்டெனா ஒன்று. சாமானை நடுவில் ஓடவிட்டு முதலில் நெட்டையை வைத்து அளக்க வேண்டும், பிறகு குட்டையை வைத்து. வெளியே மேஜைமேல் இருக்கும் கருவி தானாகவே கோடு வரையும். கோடு சிவப்பு வரம்பைத் தாண்டினால் சாமான் ஃபெயில்.

ஒவ்வொரு தடவையும் உள்ளே போய்க் கேபிளைக் கழற்றி அடுத்த ஆன்டெனாவில் மாட்டுவது பெரியண்ணன் வேலை. கோயில் கதவு மாதிரி கனத்த கதவு. அதைத் தள்ளி, ஏறி, குனிந்து, திருகி, இறங்கி வர வேண்டும். நாளுக்கு நாற்பது நடை. நாற்பத்தேழு வயசிலேயே அவர் முழங்கால் அந்தக் கதவைவிட அதிகமாகக் கிறீச்சிட்டது. அதனால் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கோஆக்சியல் சுவிட்ச் வாங்க வைத்தார். உள்ளங்கை அளவுப் பெட்டி. இரண்டு ஆன்டெனாக் கேபிளும் அதில் வந்து சேரும். வெளியே பட்டனை அழுத்தினால் உள்ளே 'டிக்' என்று தடம் மாறும். யாரும் நடக்க வேண்டாம்.

பொறுப்பாளர் சம்பந்தம் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொன்னார்: "சாயங்காலத்துக்குள்ள இதை வெச்சு ஒரு சாமானையாவது டெஸ்ட் பண்ணிக் காட்டுங்க. இல்லேன்னா பெட்டி திரும்பிப் போயிடும். நீங்க பழையபடி நடங்க."

பெரியண்ணன் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

பெட்டியை மாட்டிவிட்டுப் போனவர் மூன்றே வார்த்தை சொல்லியிருந்தார். இனிமேல் கேபிளைக் கையால் தொடாதீர்கள். டிக் சத்தம் கேட்டால்தான் தடம் மாறியதாக அர்த்தம். கதவு மூடியிருக்கும்போதுதான் அளவு எடுக்க வேண்டும். மூன்றையும் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள்.

அரை மணி நேரத்தில் ஒரு கேபிள் தளர்ந்து தொங்கியது. டெக்னீஷியன் தாமோதரன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் விரலாலேயே அதைத் திருகி முடுக்கினான். பெரிய வித்தைதான். ஆனால் கருவிமேல் கால் பட்டுவிட்டதே! தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்தான்.

"டேய், கையை எடு!" என்றார் சம்பந்தம்.

"கால் பட்டா கும்பிட வேணாமா சார்?"

"தொடாமக் கும்பிடு."

கதவுக்கு வெளியே நின்று, கேபிள் இருந்த திசையைப் பார்த்து மூன்று பேரும் கும்பிட்டார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து நாச்சிமுத்து தன் கிரைண்டரோடு வந்து இறங்கினார். ஏற்கெனவே இரண்டு தடவை ஃபெயிலான கிரைண்டர். "இந்தவாட்டியாச்சும் பாஸ் பண்ணி உடுங்க சார். நானூறு கிரைண்டரு லாரியில ஏறி நிக்குதுங்."

"வெளியாள் இங்க இருக்கக் கூடாது. போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்றார் சம்பந்தம். நாச்சிமுத்து போனார்.

கிரைண்டரை உள்ளே ஓடவிட்டுக் கதவை மூடினார்கள். பெரியண்ணன் பட்டனை அழுத்தினார். டிக் கேட்கவில்லை. கதவைத் திறந்து வைத்து அழுத்தினார். கிரைண்டரின் கடகடதான் கேட்டது.

"இந்த இரைச்சல்ல டிக் எப்படி சார் கேக்கும்?" என்றான் தாமோதரன்.

"கிரைண்டரை நிறுத்து."

"நிறுத்திட்டா எதை அளக்கிறது?"

சம்பந்தம் யோசித்தார். "ஓடினாலும் அது நாச்சிமுத்து கிரைண்டர். நின்னாலும் நாச்சிமுத்து கிரைண்டர். நின்னா வேற ஆள் கிரைண்டரா ஆயிடுமா?"

நியாயம்தான். நிறுத்தினார்கள். அழுத்தினார்கள். டிக்! பெரியண்ணனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கதவை மூடப் போனார்.

"இருங்க," என்றார் சம்பந்தம். "கதவு திறந்திருந்தப்போ கேட்ட டிக், மூடினப்புறம் செல்லுமா?"

செல்லாது என்றுதான் மூவருக்கும் பட்டது. தாமோதரனை உள்ளே வைத்து மூடினார்கள். பெரியண்ணன் அழுத்தினார். தாமோதரன் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். "கேட்டுச்சு சார்!"

"கேட்டது சரி. இப்போ கதவைத் திறந்துட்டியே?"

மறுபடி உள்ளே. இப்படி ஒன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் பெரியண்ணன்தான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். முழங்கால் அழுதது. பத்தாவது தடவை தாமோதரன் தலையைச் சொறிந்தான். "சார், உள்ள ஒரு பல்லி இருக்கு. டிக்குன்னது சுவிட்சா பல்லியான்னு..."

"எந்தத் திசையில சொல்லுச்சு?"

"தெற்கால."

"தெற்கா இருந்தா நல்ல சேதிதான். ஆனா ரிப்போர்ட்டுல பல்லியை எந்தக் கட்டத்துல எழுதுறது?" சம்பந்தம் தானே உள்ளே போனார். பெரியண்ணன் அழுத்தினார். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே வெளியே வந்தார்கள்.

"அது பல்லிடா."

"சத்தியமா சுவிட்ச் சார்."

"ஆளுக்கு ஒண்ணு சொன்னா எப்படி? மூணாவது ஆள் வேணும். ரெண்டு பேர் எதைச் சொல்றாங்களோ அதுதான் முடிவு. பெரியண்ணன், நீங்களும் வாங்க!"

மணி நாலே முக்கால். பெரியண்ணன் உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்தினார். மூவரும் பெட்டியைச் சுற்றிச் சம்மணம் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம்.

டிக்.

"சுவிட்ச்," என்றார் பெரியண்ணன், முழங்காலைத் தொட்டு.

"சுவிட்ச்," என்றான் தாமோதரன்.

சம்பந்தம் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். "சுவிட்சேதான். இவ்வளவு தெளிவா பல்லியால சொல்ல முடியாது."

வெளியே வந்து பார்த்தால், கோடு சிவப்பு வரம்பின் பக்கமே போகவில்லை. தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தது. நாலு டீ குடித்துவிட்டு வந்த நாச்சிமுத்துவின் கையைச் சம்பந்தம் பிடித்துக் குலுக்கினார். "என் சர்வீஸ்ல இவ்வளவு சாதுவான கிரைண்டரைப் பார்த்ததில்ல." நாச்சிமுத்து ஆளுக்கு ஒரு பாக்கெட் மைசூர்பாகு கொடுத்துவிட்டுப் போனார். சுவிட்ச் அங்கேயே தங்கியது. பெரியண்ணன் அதற்குத் தொடாமலே ஒரு கும்பிடு போட்டார்.

போன மாதம் அவர் ஓய்வு பெற்றார். மாலையும் கழுத்துமாக இருந்தவரிடம் கிரைண்டரைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அந்த மைசூர்பாகை நினைத்து முகம் மலர்ந்திருந்தார், மனசு வரவில்லை. ஆனால் இடித்த இடம் எதுவென்று அந்த நொடியில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. கேட்டேவிட்டேன்:

"ஏண்ணே, மூணு பேரும் உள்ள இருந்தீங்க. கதவையும் சாத்திட்டீங்க. அப்போ வெளியே பட்டனை அழுத்தினது யாரு?"